பூட்டு புதுசு, சாவி பழசு

லேப்டாப் திரையைத் தாங்கும் ஹின்ஜ் உடைந்துபோய், மூன்று மாதமாகப் பின்னால் ஒரு தடிப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன் ஒருவழியாகச் சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே எழுதிய ஜாப் ஷீட்டில் பெயர், போன் நம்பர், மாடல், சார்ஜர் உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் அடுத்த கட்டத்தில் 'பாஸ்வேர்டு' என்றே அச்சடித்திருந்தது. கவுண்டரில் இருந்த பையன் கேட்டான், நான் சொன்னேன், அவன் எழுதினான். அந்தத் தாளின் நகலை லேப்டாப் மூடி மேலேயே செல்லோடேப் போட்டு ஒட்டினான். நான்கு நாளில் வேலை முடிந்து வந்தது. நல்ல வேலைதான். புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அதுக்குள்ளதானே சேவ் பண்ணி வச்சிருக்கீங்க?"

கடைக்காரர்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் நான்கு நாள் அந்தப் பெட்டி பத்துப் பேர் நடமாடும் மேஜையில், பாஸ்வேர்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு சுலபமாக எடுக்கலாம் என்று நானே ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு சனி, ஞாயிறு இதிலேயே போனது.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர். மற்றச் சாதனங்களோடு பாஸ்வேர்டுகளைப் பகிரும் சின்க் வைத்துக்கொள்ளவில்லை. அட்ரஸ் பட்டையில் அபவுட்:லாகின்ஸ் என்று அடித்தேன். 63 கணக்குகள். கரண்ட் பில், கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட், அப்பாவின் பென்ஷன், இரண்டு பேங்க், என்றோ ஒருநாள் பிரியாணி வாங்கிய கடை வரைக்கும். கண் படத்தை அமுக்கினால் பாஸ்வேர்டு அப்படியே தெரிந்தது, ஒரு கேள்வியும் இல்லை. விண்டோஸிலும் மேக்கிலும் 2020இல் வந்த 76ஆம் பதிப்பிலிருந்து, கண்ணை அமுக்கினால் கணினியின் லாகின் பாஸ்வேர்டைக் கேட்கும். என் லினக்ஸில் அந்த மரியாதைகூட இல்லை.

இது திரையில் எட்டிப்பார்க்கும் ஆளுக்கான விஷயம். எனக்குத் தெரியவேண்டியது வேறு: ஃபைலைக் காப்பி அடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்?

ப்ரொஃபைல் என்பது நம் ஃபயர்ஃபாக்ஸ் சேமித்ததெல்லாம் இருக்கும் ஃபோல்டர். அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் அதைத் திறக்க ஒரு பட்டன் இருக்கிறது. உள்ளே ஏகப்பட்ட ஃபைல்கள். நமக்கு வேண்டியவை இரண்டுதான்: லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி. முதலாவதில் கணக்குகள், இரண்டாவதில் அவற்றைத் திறக்கும் சாவி. பெட்டியும் சாவியும் ஒரே ஃபோல்டரில், பக்கத்துப் பக்கத்தில்.

லாகின்ஸ்.ஜேசனைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். யூசர் நேமும் பாஸ்வேர்டும் புரியாத எழுத்துச் சரமாக இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி இருந்த எல்லாமே வெட்டவெளிச்சம். எந்தத் தளம், எப்போது சேமித்தது, கடைசியாக எப்போது பயன்படுத்தியது, மொத்தம் எத்தனை தடவை. நேரம் மட்டும் 13 இலக்க எண்ணாக இருக்கும். 1970 ஜனவரி 1இலிருந்து ஓடும் மில்லிசெகண்ட் கணக்கு அது, மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. என் வீட்டுக்கடன் எந்த பேங்கில், நான் அங்கே கடைசியாக எப்போது போனேன் என்பதைத் தெரிந்துகொள்ள எந்தச் சாவியும் தேவையில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பின்னால் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் இந்தப் பகுதி மறையாது.

முதல் சோதனை. இரண்டு ஃபைலையும் ஒரு சிவப்பு பென் டிரைவில் போட்டு மகளின் விண்டோஸ் லேப்டாப்புக்கு எடுத்துப்போனேன். அபவுட்:ப்ரொஃபைல்ஸ் பக்கத்தில் காலி ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அதன் ஃபோல்டரில் இரண்டையும் போட்டு, அந்த ப்ரொஃபைலைத் திறந்தேன். 63 கணக்கும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றின் கண்ணை அமுக்கியதும் விண்டோஸ் பின் கேட்டது.

"அப்பா, இது என் பின்னைக் கேக்குது. போடவா?"

போட்டாள். என் பேங்க் பாஸ்வேர்டு அவள் திரையில் தெரிந்தது. அந்தப் பூட்டு காவல் காத்தது அவள் லேப்டாப்பை. என் பாஸ்வேர்டை இல்லை. எடுத்துக்கொண்டு போகிறவன் தன் கணினியில் தன் பின்னைப் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. சேமித்த கணக்குகளைத் திறக்க நாமே வைக்கும் ப்ரைமரி பாஸ்வேர்டு என்று ஒன்று உண்டு, அதை வைக்காவிட்டால் சாவி ஃபைல் வெற்றுப் பாஸ்வேர்டால் பூட்டப்படுகிறது என்பது ஃபயர்ஃபாக்ஸின் வடிவமைப்பு, ஊருக்கே தெரிந்தது. முன்பு மாஸ்டர் பாஸ்வேர்டு என்று இருந்ததைத்தான் 2020இல் 80ஆம் பதிப்பில் ப்ரைமரி பாஸ்வேர்டு என்று பெயர் மாற்றினார்கள். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் ஒரு டிக். பத்து வருடமாக அதைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

சரி, டிக் போட்டேன். என்ன பாஸ்வேர்டு வைப்பது என்பதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பழைய ஃபயர்ஃபாக்ஸ்களில் இந்தப் பாஸ்வேர்டை எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹேஷ் கணக்கில் ஒரே ஒரு தடவை போட்டு எடுத்துச் சாவியாக்கிவிடுவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். 2018இல் வ்ளாடிமிர் பலான்ட் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதை எழுதி அம்பலப்படுத்தியபிறகுதான் அது அசைந்தது. இப்போது பிபிகேடிஎஃப்2 என்ற முறையில், அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு 10,000 சுற்று. முன்னைக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் இதே முறைக்கு இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2023இல் சொன்ன அளவு 6,00,000. ஆகவே சுற்றில் இருக்கும் குறையை நீளத்தில் ஈடுகட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன். அவற்றில் ஒன்று சமையலறைச் சாமான், ஒன்று என் பாட்டி மட்டுமே சொல்லிக் கேட்ட வசவு. வேண்டாம், இதற்குமேல் சொன்னால் பூட்டியதற்கே அர்த்தம் இல்லை.

மறுபடி இரண்டு ஃபைலையும் காப்பி எடுத்து மகளின் லேப்டாப்பில் புதிய ப்ரொஃபைலில் போட்டேன். இந்தத் தடவை ப்ரைமரி பாஸ்வேர்டு கேட்டது. தப்பாகப் போட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டது. கேன்சல் கொடுத்தேன், ஒன்றும் காட்டவில்லை. வேலை முடிந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

காப்பி குடிக்கும்போதுதான் நீல பென் டிரைவ் ஞாபகம் வந்தது.

கடையில் கொடுப்பதற்கு முந்தின நாள், எதற்கும் இருக்கட்டும் என்று ஹோம் ஃபோல்டரையே ஒரு நீல பென் டிரைவில் பேக்கப் எடுத்திருந்தேன். அதில் பழைய கீ4.டிபியும் இருக்கும், பூட்டு இல்லாமல். அதிலுள்ள பழைய பாஸ்வேர்டுகள் திறந்துதான் கிடக்கின்றன, அதை விடுங்கள். என்னைக் குடைந்தது வேறொன்று: ப்ரைமரி பாஸ்வேர்டு வைத்தபோது சாவியே மாறியதா, அல்லது அதே சாவியைப் புதுப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்களா?

சோதிக்கச் சிவப்பு பென் டிரைவே போதும். முதல் சோதனைக்கு எடுத்த பூட்டில்லாத கீ4.டிபி அதில் அப்படியே இருந்தது. முதலில் ஃபயர்ஃபாக்ஸில், ப்ரைமரி பாஸ்வேர்டு வைத்தபிறகு, ஒரு பொய்க் கணக்கைச் சேமித்தேன்: யூசர் நேம் 'தேங்காய்', பாஸ்வேர்டு 'மாங்காய்'. பிறகு இன்றைய லாகின்ஸ்.ஜேசனையும் அன்றைய கீ4.டிபியையும் ஜோடி சேர்த்து ஒரு காலி ப்ரொஃபைலில் போட்டுத் திறந்தேன்.

பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. 64 கணக்கு. தேங்காயும் மாங்காயும் உட்பட.

இதை எதிர்பார்த்துத்தான் சோதித்தேன், ஆனாலும் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடப்பது இதுதான். கணக்குகளைப் பூட்டும் சாவி ஒன்று. அந்தச் சாவியைப் பூட்டுவது ப்ரைமரி பாஸ்வேர்டு. அதை வைத்தாலும் மாற்றினாலும், சாவியைச் சுற்றியிருக்கும் உறை மட்டும்தான் மாறுகிறது. சாவி அதேதான். லாகின்ஸ்.ஜேசனில் ஓர் எழுத்துகூடத் திருப்பி எழுதப்படுவதில்லை. இதனால் என்றோ ஒருநாள் பூட்டில்லாத சாவி ஃபைலைக் காப்பி எடுத்தவர், பின்னால் எப்போதாவது புதிய லாகின்ஸ்.ஜேசன் கைக்குக் கிடைத்தால், நான் நேற்றுச் சேமித்ததையும் படிக்கலாம். வீட்டு வாசலில் புதுப் பூட்டுத் தொங்குகிறது, போன வருடம் அடித்த டூப்ளிகேட் சாவி அதற்கும் சேருகிறது என்றால் எப்படி இருக்கும்?

நீல பென் டிரைவைத் தேடினேன். மேஜை டிராயர், லேப்டாப் பை, சட்டைப் பைகள், சாமி அலமாரிக்குப் பின்னால்கூட. கிடைக்கவில்லை. தேடும்போது வேறொன்று கிடைத்தது: டெஸ்க்டாப்பில் 'ஓல்ட் ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா' என்று ஒரு ஃபோல்டர். எப்போதோ ஃபயர்ஃபாக்ஸ் மெதுவாக இருக்கிறதே என்று 'ரிஃப்ரெஷ்' கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் பழைய ப்ரொஃபைலை அது இப்படி டெஸ்க்டாப்பில் கொண்டுவந்து வைத்துவிடும். உள்ளே ஒரு கீ4.டிபி, பூட்டில்லாமல். சர்வீஸ் கடையில் திரையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் இடம்.

ஆக, சாவியையே மாற்றியாக வேண்டும். இதற்கென்று ஒரு பட்டன் எனக்குத் தென்படவில்லை. சுற்றுவழிதான்.

முதலில் எல்லாக் கணக்கையும் சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இதில்தான் பலர் கோட்டைவிடுவார்கள். சிஎஸ்வி என்றால் பாஸ்வேர்டுகள் பச்சையாக எழுதிவைத்த பட்டியல். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுந்து, வேலை முடிந்தபின் மறந்துபோய் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அழித்தாலும், எஸ்எஸ்டியில் அழித்த இடம் நிஜமாகவே அழிந்ததா என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலே எழுதி அழிக்கும் கருவிகள் பழைய சுழலும் டிஸ்க்குக்கு யோசித்தவை. அதனால் டிஸ்க்கிலேயே எழுதாமல், /டெவ்/எஸ்ஹெச்எம் என்ற ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்தேன். லினக்ஸில் அது ரேமில் மட்டும் இருக்கும் இடம், கணினியை அணைத்தால் காணாமல் போகும். ரேம் நிறைந்தால் ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போக வாய்ப்பு உண்டு. அதற்காக மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஸ்வாப்பையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் ஒரே ஒரு கட்டளை.

அப்புறம் ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடிவிட்டு, ப்ரொஃபைலிலிருந்து மூன்று ஃபைல்களை வெளியே நகர்த்தினேன்: கீ4.டிபி, லாகின்ஸ்.ஜேசன், லாகின்ஸ்-பேக்கப்.ஜேசன். மூன்றாவதை விட்டுவிட்டால், லாகின்ஸ் காணவில்லையே என்று ஃபயர்ஃபாக்ஸ் பேக்கப்பை எடுத்துக்கொள்ளும். பழைய சாவியால் பூட்டியது புதிய சாவிக்குத் திறக்காது, வீண் குழப்பம். இன்னொரு எச்சரிக்கை: டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை யூஎஸ்பி டோக்கனில் வைக்காமல் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே ஏற்றியிருந்தால், அதன் ரகசியச் சாவியும் இதே கீ4.டிபியில்தான் இருக்கும். அதைத் தனியாக பேக்கப் எடுக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸை மறுபடி திறந்தேன். பட்டியல் காலி. இங்கே வரிசை முக்கியம்: முதலில் ப்ரைமரி பாஸ்வேர்டு, அதன்பிறகுதான் சிஎஸ்வி இம்போர்ட். மாற்றிச் செய்தால் புதிய சாவியும் கொஞ்ச நேரமாவது பூட்டில்லாமல் டிஸ்க்கில் எழுதப்படும், பிறகு பழைய கதைதான். இம்போர்ட் ஆனதும் நாலைந்து கணக்கைச் சரிபார்த்தேன், சிஎஸ்வியை அழித்தேன், ஸ்வாப்பைத் திருப்பிப் போட்டேன். சிவப்பு பென் டிரைவிலிருந்த பழைய சாவியோடு புதிய லாகின்ஸ்.ஜேசனை மறுபடி ஜோடி சேர்த்துப் பார்த்தேன். ஒரு பாஸ்வேர்டும் திறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு காப்பி.

இதற்கெல்லாம் பிறகுதான் பேங்க், மெயில், பென்ஷன் என்று முக்கியமான ஒன்பது கணக்கின் பாஸ்வேர்டுகளை அந்தந்தத் தளத்திலேயே போய் மாற்றினேன். காணாமல்போன பென் டிரைவில் இருப்பவை மாற்றாதவரை செல்லுபடியாகும் பாஸ்வேர்டுகள். என் பக்கம் எத்தனை பூட்டுப் போட்டாலும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் சாவியை மாற்றாமல் இதை முதலில் செய்திருந்தால், புதுப் பாஸ்வேர்டுகளும் பழைய சாவியின் கீழ்தான் போய் உட்கார்ந்திருக்கும்.

மகளுக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது. "அப்பா, மொத்த ஃபோல்டரையும் காப்பி எடுத்தா?" என்று கேட்டாள். எடுத்தோம். அவள் லேப்டாப்பில் திறந்ததும் ப்ரைமரி பாஸ்வேர்டு கேட்டது. கேன்சல் கொடுத்துவிட்டு என் மெயில் தளத்துக்குப் போனாள். இன்பாக்ஸ் திறந்தது.

குக்கீ. ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறோம் என்று தளத்துக்குச் சொல்லும் சீட்டு அது, குக்கீஸ்.எஸ்க்யூலைட் என்ற ஃபைலில் பூட்டே இல்லாமல் இருக்கிறது. ப்ரைமரி பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்திலேயே ஃபார்ம்ஹிஸ்டரி என்று இன்னொரு ஃபைல், அதில் நான் படிவங்களில் அடித்த பான் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம். மெயிலுக்குள் நுழைந்துவிட்டால் மற்ற தளங்களில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்தே பாதி வீட்டைத் திறந்துவிடலாம். அன்றே மெயில் செட்டிங்ஸில் போய் எல்லாச் சாதனத்திலிருந்தும் லாக் அவுட் கொடுத்தேன்.

குரோம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். லினக்ஸில் குரோம் தன் சாவியை டெஸ்க்டாப்பின் கீரிங்கில், அதாவது சாவிகளைப் பூட்டிவைக்கும் பெட்டகத்தில், வைக்கும். கீரிங் எதுவும் இல்லையென்றால், நிரலிலேயே எழுதிவைத்த ஒரு சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும். அந்தச் சொல் 'பீனட்ஸ்'. ஆமாம், நிலக்கடலை. சாவி செய்யும்போது அதோடு கலக்கும் கூடுதல் எழுத்துச் சரத்தை உப்பு என்பார்கள், இங்கே அந்த உப்பு 'சால்ட்டிசால்ட்'. உப்புக்கடலையாகவே வைத்திருக்கிறார்கள். கீரிங் இருந்தாலும், ஆட்டோ லாகின் வைத்தவர்களிடம் அது தினமும் பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை செய்யும். தொல்லை தாங்காமல் பலரும் அதற்கு வெற்றுப் பாஸ்வேர்டு வைத்துவிடுகிறார்கள், அப்போது கீரிங்கும் திறந்த வீடுதான். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், இப்போது மாற்றிவிட்டேன்.

இரண்டு வாரமாக ப்ரைமரி பாஸ்வேர்டோடு குடித்தனம். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தபின் ஒரு தடவை கேட்கிறது, பிறகு மூடும்வரை தொல்லை இல்லை. அந்த 'மூடும்வரை'தான் பலவீனமும். நான் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பவன். நடுவில் பூட்ட வேண்டுமென்றால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி டிவைசஸ் என்ற இடத்துக்குப் போய் சாஃப்ட்வேர் செக்யூரிட்டி டிவைஸ் என்பதை லாக் அவுட் செய்ய வேண்டும். யாருக்கும் தானாகத் தோன்றாத வழி. எனக்கு அதைவிட ஃபயர்ஃபாக்ஸையே மூடித் திறப்பது சுலபமாக இருக்கிறது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் எல்ஐசி பாண்டுகளோடு வைத்திருக்கிறோம். மறந்துபோனால் ரீசெட் உண்டு, ஆனால் ரீசெட் என்றால் சேமித்த எல்லாமே போய்விடும்.

செய்யாத வேலை ஒன்று பாக்கி: டிஸ்க்கையே பூட்டுவது. குக்கீ, ஃபார்ம், ஹிஸ்டரி எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் மருந்து. லாகின் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால், லைவ் யூஎஸ்பி, அதாவது தனக்குள்ளேயே இயங்குதளம் வைத்திருக்கும் பென் டிரைவ், போட்டு பூட் செய்கிறவன் அதைக் கேட்காமலே ஹோம் ஃபோல்டரைப் படிப்பான். மின்ட் இன்ஸ்டால் செய்யும்போது ஒரு டிக் போட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை, இப்போது முழுசாக மறு இன்ஸ்டால். பொங்கல் விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

போன வாரம் லேப்டாப் ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்து, அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை வீட்டிலேயே அடிமூடியைக் கழற்றி, ஒற்றை ஸ்க்ரூவில் நின்றுகொண்டிருந்த எஸ்எஸ்டியை உருவி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போனேன். அதே பையன் ஜாப் ஷீட்டை எடுத்து, பாஸ்வேர்டு கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"பாஸ்வேர்டு இல்லை தம்பி, டிஸ்க்கே இல்லை."

"அப்போ சவுண்டு வருதான்னு எப்படி சார் செக் பண்றது?"

நியாயமான கேள்வி. கடையில் இருந்த லைவ் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து பார்ப்பதாகச் சொன்னான். கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.

நீல பென் டிரைவ் இன்னும் கிடைக்கவில்லை. முக்கியமில்லாத கணக்குகளில் 22ஐ மூடிவிட்டேன், பிரியாணிக் கடை உட்பட. மீதியை தினம் இரண்டாக மாற்றிக்கொண்டு வருகிறேன்.